பெயருள்ள கிண்ணங்களும் பெயரற்ற குயவர்களும்

ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷங்களாக அறிவித்துப் பாதுகாத்துவரும் தேநீர்க் கிண்ணங்கள் மொத்தம் 8. அவற்றில் 5 சீனாவில் செய்யப்பட்டவை; ஒன்று கொரியாவில் செய்யப்பட்டது; ஜப்பானிய மண்ணில் உருவானவை இரண்டே இரண்டு. தேநீர்ச் சடங்கு ஜப்பானியப் பண்பாட்டின் தனி அடையாளம் என்று உலகெங்கும் சொல்லப்படுகிறது, அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தச் சடங்கின் நடுவே விருந்தினர் தம் இரு கைகளாலும் ஏந்திப் பார்க்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால், விடை கடலைக் கடந்து அண்டை நாட்டுச் சூளைகளுக்கு நம்மைக் கொண்டுபோகிறது. கீழையாசியப் பீங்கான்களையும் மண்பாண்டங்களையும் பற்றிப் பல ஆண்டுகளாக வாசித்தும் பார்த்தும் வருகிறேன். அந்த வாசிப்பில் என்னை விடாமல் தொந்தரவு செய்துவரும் ஒரு செய்தி உண்டு. இந்தக் கிண்ணங்களில் புகழ்பெற்ற பலவற்றுக்கு மனிதர்களைப்போலவே சொந்தப் பெயர் இருக்கிறது, பரம்பரை வரலாறு இருக்கிறது, கைமாறிய ஆண்டுகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவற்றைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் எங்கும் இல்லை.

சீனக் கிண்ணங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஜப்பானியரின் கண் முதலில் பழகியது அவற்றிடம்தான். எட்டுப் பொக்கிஷங்களில் நான்கு, தெற்கு சோங் அரசமரபுக் காலத்தில் ஃபூஜியான் பகுதியின் ஜியான் சூளைகளில் சுடப்பட்ட கருநிறக் கிண்ணங்கள். அவற்றுள் மூன்றின் உட்புறத்தில், கருமையின் மேல் நட்சத்திரக் கூட்டம்போல நீலமும் ஊதாவும் மினுங்கும் வட்டங்கள் படிந்திருக்கின்றன. அந்த வகையில் முழுமையாக எஞ்சியுள்ள மூன்றும் இன்று ஜப்பானில்தான் இருக்கின்றன. சீனாவுக்குச் சென்று பௌத்தம் பயின்ற ஜென் துறவிகள் தேநீர்ப் பொடியோடும் சுவடிகளோடும் இத்தகைய கிண்ணங்களையும் கொண்டுவந்தார்கள். சீனாவிலேயே காலப்போக்கில் தேநீர் அருந்தும் முறை மாறி, பொடியைக் கடைந்து குடிக்கும் வழக்கம் மறைந்து, இலையை ஊறவைத்து அருந்தும் வழக்கம் நிலைபெற்றபோது கருநிறக் கிண்ணங்களுக்குப் பிறந்த நாட்டில் வேலை இல்லாமல்போனது. பழைய வழக்கத்தைக் கைவிடாத தீவு நாடு அவற்றையும் கைவிடவில்லை.

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பச்சைநிறக் கிண்ணம் இந்த உறவின் தன்மையை மிகத் தெளிவாகக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். லோங்சுவான் சூளைகளில் செய்யப்பட்ட அந்தக் கிண்ணம், 15ஆம் நூற்றாண்டில் ஷோகன் எனப்படும் படைத்தலைவராகிய ஆட்சியாளர் ஆஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது அடிப்பகுதியில் விரிசல் விட்டிருந்தது. அதைச் சீனாவுக்கே அனுப்பி, இதேபோல வேறொன்று வேண்டும் என்று அவர் கேட்டதாகவும், அந்தத் தரத்தில் செய்வது இப்போது இயலாது என்று சொல்லிய சீனர்கள், விரிசலை உலோகக் கவ்விகளால் தைத்துத் திருப்பி அனுப்பியதாகவும் 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு சொல்கிறது. இளம்பச்சை நிறத்தின்மேல் பெரிய பூச்சிகள் வந்து உட்கார்ந்ததுபோல அந்தக் கவ்விகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. கிண்ணத்தின் பெயரும் அந்தப் பூச்சியையொட்டியே அமைந்தது. பழுதுபார்த்த தழும்பு கிண்ணத்தின் மதிப்பைக் குறைக்காமல் கூட்டியது. கதை முழுவதும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சீனாவின் பழைய பொருள் ஒன்று, சீனாவாலேயே மறுபடி செய்ய முடியாததாக, ஜப்பானில் ஒரு வாழ்க்கையைத் தொடர்ந்தது என்ற எண்ணம் அந்தக் காலத்து ஜப்பானியருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது.

16ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவை திசை மாறியது. தேநீர் ஆசான் முராத்தா ஜூகோவில் தொடங்கி, தகேனோ ஜோவோ வழியாக சென் நோ ரிக்யூவிடம் முதிர்ச்சியடைந்த எளிமையின் தேநீர் மரபு, குறையற்ற சீனக் கிண்ணங்களைவிடச் சற்றே கோணலான, கரடுமுரடான, பூச்சு ஒழுங்கில்லாத கிண்ணங்களை விரும்பியது. அந்த விருப்பத்துக்கு ஏற்ற பொருள் கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதிச் சூளைகளிலிருந்து வந்தது. ஜோசன் அரசமரபுக் காலத்துக் கொரியக் கிண்ணங்களுள் இடோ என்ற வகையே தலையாயது என்று தேநீர் ஆசான்கள் தரவரிசை வகுத்தார்கள். எட்டுப் பொக்கிஷங்களில் கொரியாவின் ஒன்று எனக் குறிப்பிட்டேனே, அது இந்த வகையைச் சேர்ந்த கிஸாயெமோன். கியோத்தோவின் டைடோகுஜி ஆலய வளாகத்தில் உள்ள கோஹோ-அன் என்ற துணை ஆலயம் அதைப் பாதுகாக்கிறது.

அந்தக் கிண்ணத்தை அருகிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வாய்விட்டம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், உயரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரும்புச் சத்துள்ள கரடான களிமண்ணின்மேல், சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படிந்த மெல்லிய பூச்சு. நிறம் மஞ்சளும் பழுப்பும் கலந்தது. சக்கரம் சுழன்றபோது குயவரின் விரல்கள் பதித்த வரிகள் உடலைச் சுற்றி மேலேறுகின்றன; அவற்றை வழித்து மறைக்க யாரும் முயலவில்லை. விளிம்பு ஒரே மட்டத்தில் இல்லை. விளிம்பில் உடைந்த இடங்களை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கண்ணை இழுப்பது அடிப்பாகம்: உயரமான அடிவளையத்தைச் சுற்றி, பூச்சு நன்கு உருகாமல் சுருங்கி, வெண்ணிறக் குமிழ்களாகத் திரண்டு நிற்கிறது. சாமுராய்களின் வாள்பிடியில் சுற்றப்படும் திருக்கை மீன் தோலோடு ஜப்பானியர் இதை ஒப்பிட்டார்கள். எந்தச் சூளையிலும் இதைக் கழிவு என்று சொல்லலாம். சூடு போதவில்லை, அல்லது அடியைச் சீவியபின் மண் கரடாக இருந்ததால் பூச்சு பிடிக்கவில்லை என்று காரணமும் சொல்லலாம். தேநீர் ஆசான்கள் அதையே இந்த வகையின் இன்றியமையாத இலக்கணமாக்கினார்கள். அந்தத் துணிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அழகு எங்கே இருக்கிறது என்று காட்டுவதும் ஒரு படைப்புச் செயல்தான், அதை ஜப்பானியர் மிக உயர்ந்த நிலையில் செய்தார்கள்.

இனிப் பெயருக்கு வருகிறேன். கிஸாயெமோன் என்பது கிண்ணத்தைச் செய்தவரின் பெயராகத்தான் இருக்கும் என்று முதலில் கேட்பவர் நினைக்கக்கூடும். அது ஒஸாக்கா வணிகர் தகேதா கிஸாயெமோனின் பெயர். கிண்ணம் ஒரு காலத்தில் அவரிடம் இருந்தது. அவருக்குப்பின் அது ஒரு சிற்றரசரிடம் போய், 1634இல் சகாய் நகரத்துத் தேநீர் ஆர்வலர் ஒருவரை அடைந்து, மேலும் கைமாறி, 1775 வாக்கில் மட்சுவே பகுதியின் சிற்றரசர் மட்சுதைரா ஃபுமாயிடம் 550 ரியோ பொன்னுக்கு வந்து சேர்ந்தது. வைத்திருப்பவருக்குக் கட்டிகள் வரும் என்றொரு சாபக்கதையும் அதைத் தொடர்ந்தது. ஒரு பழைய உரிமையாளர் செல்வமெல்லாம் இழந்தும் கிண்ணத்தை விற்க மனமின்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்து, உடலெங்கும் கட்டிகள் வந்து இறந்தார் என்று சொல்லப்பட்டது. ஃபுமாயும் அவருடைய மகனும் நோயுற்றபின், குடும்பத்தார் கிண்ணத்தைக் கோஹோ-அனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு துல்லியமாக உரிமையாளர்களின் வரிசை தெரிகிறது. வரிசையின் தொடக்கத்தில், கொரியாவின் தெற்கில் ஏதோ ஓர் ஊரில், சக்கரத்தின்முன் உட்கார்ந்து சில நிமிடங்களில் அதை வனைந்து வெயிலில் வைத்த மனிதரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தேநீர்ப் பொருட்கள் வந்த வழி எவ்வளவு அகலமானது என்பதற்கு ஓர் இடைக்குறிப்பு. தேநீர்ப் பொடி வைக்கும் சிறு சாடிகளுக்குத் துணிப்பை தைத்துப் போடுவது மரபு. அந்தப் பைகளுக்குச் சீனப் பட்டோடு, போர்த்துக்கீசிய, டச்சுக் கப்பல்களில் வந்த இந்தியப் பருத்தித் துணிகளும் பயன்பட்டன. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கோடு போட்ட பருத்தி வகை ஒன்றை ஜப்பானியர் இன்றும் ‘சந்தோமே’ என்றே அழைக்கிறார்கள். மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோம்தான் அது. நெய்தவர்களின் பெயர் அங்கும் இல்லை.

1592இல் ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த டொயோடோமி ஹிதேயோஷி கொரியாவின்மீது படையெடுத்தார். கியூஷூ தீவின் கரையில் நகோயா என்ற கோட்டையைக் கட்டி அங்கிருந்து படைகளை அனுப்பிய அவர், சீனாவையே வெல்லும் கனவோடு தொடங்கிய போர் 1598இல் அவருடைய மரணத்தோடுதான் முடிந்தது. ஜோசன் நாட்டின் வயல்களும் நகரங்களும் அரண்மனைகளும் எரிந்தன. கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் காட்டுவதற்காக வீரர்கள் மூக்குகளை அறுத்து, உப்பிலிட்டு, பீப்பாய்களில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் புதைத்த மேடு கியோத்தோவில் இன்றும் இருக்கிறது. அதே கப்பல்களில்தான் புத்தகங்களும், உலோக அச்செழுத்துகளும், அறிஞர்களும், குயவர்களும் கொண்டுபோகப்பட்டார்கள். கொள்ளையடித்த கொரிய அச்செழுத்துகளைக் கொண்டு 1593இல் ஜப்பானியப் பேரரசரின் ஆணைப்படி ஒரு கன்ஃபூசிய நூல் அச்சிடப்பட்டது. சிறைப்பட்ட கொரிய அறிஞர் காங் ஹாங், தாயகம் திரும்பும்வரை ஜப்பானிய அறிஞர் ஃபுஜிவாரா செய்காவோடு பழகி, ஜப்பானில் நவகன்ஃபூசியக் கல்வி வேரூன்ற உதவினார். இந்தப் போரை ஜப்பானியரே பின்னாளில் மண்பாண்டப் போர் என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பட்டப்பெயர் உவப்பாக இல்லை. எதற்காக நடந்த போர் என்பதை அது மறைக்கிறது, பிணங்களின்மேல் ஓர் அழகிய துணியைப் போர்த்துகிறது. ஆனால் மேற்கு ஜப்பானின் சிற்றரசர்கள் பலர் தத்தம் பங்குக்குக் குயவர்களைப் பிடித்து வந்தார்கள் என்பது மட்டும் உண்மை. ஹாகி, அகானோ, தகாதோரி, அரிதா, சட்சுமா என்று இன்று பாண்டங்களுக்காகவே பெயர்பெற்ற இடங்களின் தொடக்கம் அங்கேதான்.

அவர்கள் கொண்டுவந்தது அழகுணர்வை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரம், மலைச்சரிவில் பல அறைகளாக மேலேறிச் செல்லும் சூளை, எல்லாவற்றுக்கும் மேலாக எந்தக் கல்லை இடித்தால் வெண்பீங்கானுக்கு ஏற்ற மண் கிடைக்கும் என்று காணும் கண், இவை அந்தக் கைகளோடு வந்தன. சக்கரமும் சரிவுச்சூளையும் போருக்குச் சற்று முன்பே கியூஷூவின் கரட்சு பகுதியை எட்டியிருந்தன. போருக்குப்பின் அவை கியூஷூ முழுவதும் பரவின. அதுவரை ஜப்பானில் பீங்கான் செய்யத் தெரியாது. 1616இல் அரிதாவின் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டறிந்தவர் கொரியக் குயவர் யி சாம்-பியோங் என்று மரபு சொல்கிறது. நபேஷிமா சிற்றரசரின் படையோடு வந்தவர் அவர். ஜப்பானிய ஆவணங்களில் கனகாயே சம்பெயே என்ற பெயரில் இடம்பெற்று, 1655இல் இறந்தார். கொரியப் பெயரோ பிற்காலத்தவர் மீட்டமைத்தது. அகழாய்வுகளோ, ஒரே ஆள் ஒரே ஆண்டில் செய்த கண்டுபிடிப்பாக இதைக் கொள்ள முடியாது, பல சூளைகளில் பல குயவர்கள் மண்பாண்டத்தோடு பீங்கானையும் சேர்த்தே சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டுகின்றன. இருந்தும் அரிதா மக்கள் அவரை மூதாதையாகக் கொண்டாடுகிறார்கள். ஊர் மேட்டிலுள்ள தோசன் ஆலயத்தில் நபேஷிமா நவோஷிகேயோடு அவரும் வழிபடப்படுகிறார். பிடித்து வந்தவரும் பிடிபட்டவரும் ஒரே கருவறையில் இருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அந்த ஆலயத்தின் நுழைவாயில், 1888இல் செய்யப்பட்டது, முழுக்க நீலமும் வெள்ளையுமான பீங்கான்.

அரிதாவில் நான் மேலும் மதிக்கும் ஒருவர் உண்டு. கொரியாவிலிருந்து கணவரோடு தகேயோ பகுதிக்கு வந்த ஒரு பெண், 1618இல் கணவர் இறந்தபின் குயவர் கூட்டத்துக்குத் தாமே தலைமையேற்றார். பிறகு ஏறத்தாழ 900 பேரை அழைத்துக்கொண்டு நல்ல மண் கிடைக்கும் அரிதாவுக்குக் குடிபெயர்ந்து, 96 வயதுவரை வாழ்ந்து 1656இல் மறைந்தார். கொள்ளுப்பேரன் நிறுத்திய நினைவுக்கல் அங்கே ஓர் ஆலயத்தில் நிற்கிறது. நூறு வயதை எட்டிய மூதாட்டி என்று மரியாதையாக வழங்கும் பட்டமே வரலாற்றில் அவருக்கு எஞ்சியது. தாய் தந்தையர் இட்ட பெயர் தெரியவில்லை. ஊரையே நடத்திய தலைவியின் பெயர் போய்விட்ட அதே காலத்தில்தான், ஒரு கிண்ணத்தை விற்றவர், வாங்கியவர் பெயர்களெல்லாம் பெட்டியின் மூடியில் மையால் எழுதிப் பத்திரப்படுத்தப்பட்டன.

1637இல் அரிதாவை ஆண்ட நபேஷிமாக்களின் சாகா சிற்றரசு, சூளை விறகுக்காகக் காடுகள் அழிவதைக் காரணம் காட்டி 826 ஜப்பானியக் குயவர்களை அந்தத் தொழிலிலிருந்து வெளியேற்றி, 13 சூளைத் தொகுதிகளை மட்டும் அரிதாவில் அனுமதித்தது. கொரியர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. இதைக் கருணை என்று சொல்ல முடியாது. உயர்ந்த பீங்கான் யார் கையில் இருக்கிறது என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையை ஓரிடத்தில் கட்டி வைக்க விரும்பியது. சிறந்த வேலைக்காக மலைகளுக்கு நடுவே ஒகவாச்சியாமா என்ற இடத்தில் தனிச் சூளை அமைத்து, வாயிலில் காவல் வைத்து, உத்தி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கே பெயர் தெரியாத குயவர்களின் கல்லறைக் கற்களைத் திரட்டிக் கூம்பாக அடுக்கிய ஒரு நினைவிடம் இருக்கிறது.

இதற்குள் சீனாவில் நிலைமை தலைகீழானது. 1644இல் மிங் அரசமரபு வீழ்ந்தது. கடலாதிக்கம் கொண்டிருந்த மிங் ஆதரவாளர்களைப் பட்டினி போடுவதற்காக, 1661இல் சீனாவைக் கைப்பற்றிய மஞ்சு அரசு தென்கரையோர மக்களை உள்நாட்டுக்கு விரட்டி, கடல் வணிகத்தையே முடக்கியது. உலகுக்குப் பீங்கான் கொடுத்துக்கொண்டிருந்த ஜிங்டெசன் நகரின் ஏற்றுமதி அற்றுப்போனது. 1670களில் நடந்த கலகத்தில் அதன் சூளைகளும் சேதமடைந்தன. ஆட்சி மாற்றக் குழப்பத்தில் சீனச் சரக்கு முன்பே தடைப்படத் தொடங்கியிருந்ததால், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மாற்று தேடி நாகசாகிக்குப் போய், 1659இல் 56,000க்கும் மேற்பட்ட பாண்டங்களை அரிதாவில் செய்யச் சொன்னது. பிறந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத ஒரு தொழில் எப்படித் திணறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மரத்தாலான மாதிரிகளைக் கொடுத்து, சீனப் பாணியில் நீலச் சித்திரம் வேண்டும் என்றார்கள் டச்சுக்காரர்கள். கொரிய வம்சாவளிக் குயவர் வனைந்து, ஜப்பானிய ஓவியர் சீனக் கோலத்தை வரைந்து, நடுவில் டச்சுக் கம்பெனியின் முத்திரையோடு வெளியான தட்டுகள் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பூச்சின்மேல் பல நிறங்களால் வரைந்து மறுபடி சுடும் நுட்பமும் சீனரிடமிருந்தே வந்தது. அரிதாப் பாண்டங்கள் கப்பலேறிய இமாரி துறைமுகத்தின் வணிகர் ஒருவர் நாகசாகியில் சீனர் ஒருவருக்குப் பணம் கொடுத்துக் கற்று வந்ததை, 1640களில் அரிதாக் குயவர் சகாய்தா ககியெமோன் சோதித்துச் சோதித்து வெற்றிகண்டார் என்று அவருடைய குடும்ப ஆவணம் கூறுகிறது. பால்நிற வெண்மையில் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஓரத்தில் மட்டும் ஒரு கிளை, இரண்டு காடைகள், செம்பழுப்பில் ஒரு பூ என்று வரையும் ககியெமோன் பாணி ஐரோப்பாவை மயக்கியது. 1710இல் ஜெர்மனியில் தொடங்கிய மைசென் பீங்கான் தொழிற்சாலை அதை அப்படியே படியெடுத்தது. 1684இல் சீனத் துறைமுகங்கள் மறுபடி திறந்ததும், ஜிங்டெசன் குயவர்கள் தாமே ஜப்பானிய இமாரிப் பாணியைப் பின்பற்றிச் செய்து, மலிவாக விற்று, அரிதாவின் சந்தையைப் பறித்துக்கொண்டார்கள். ஆசான் மாணவரைப் படியெடுத்த அந்தச் சில பத்தாண்டுகள் கீழையாசியப் பீங்கான் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்த நாட்டுக்கு எது சொந்தம் என்று கேட்பவர்களுக்கு அக்காலத்துத் தட்டு ஒன்றையே பதிலாகக் கொடுக்கலாம்.

கொரியாவிலோ, போர் தின்றுபோட்ட நாட்டில் அரண்மனைச் சடங்குகளுக்குக்கூட நீலச் சித்திரப் பாண்டங்கள் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வரவேண்டிய நீலச் சாயத்துக்கு வழியில்லாதபோது, 17ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் இரும்புச் சாயத்தால் வரைந்தார்கள். வெள்ளைச் சாடியின்மேல் பழுப்பு நிற டிராகன் ஒன்று கண்களை உருட்டி, குழந்தை வரைந்ததுபோன்ற உற்சாகத்தோடு சுழல்கிறது. பற்றாக்குறையிலிருந்து பிறந்த இந்தச் சாடிகள் எனக்கு அரண்மனை நீலத்தைவிட உயிர்த்துடிப்புள்ளவையாகத் தெரிகின்றன. அவற்றைச் செய்தவர்களின் வாழ்வு எளிதானதன்று. அரசு சட்டத்தொகுப்பின்படி அரண்மனை உணவுத் துறையின்கீழ் 380 குயவர்கள் பரம்பரை ஊழியத்தில் இருந்தார்கள். அப்பன் தொழிலை மகன் விட முடியாது. போருக்குப்பின் 1607, 1617, 1624 ஆண்டுகளில் சிறைப்பட்டவர்களைத் திரும்ப அழைத்துவரக் கொரியத் தூதுக்குழுக்கள் ஜப்பானுக்குப் போனபோது, குயவர்கள் பலர் திரும்பவில்லை. சிற்றரசர்கள் விடவில்லை என்பது ஒரு காரணம். தாயகத்தில் தாழ்ந்த சாதியினராக நடத்தப்பட்டவர்களுக்கு ஜப்பானில் வீடும் நிலமும் சிலருக்குச் சாமுராய்க்கு இணையான தகுதியும் கிடைத்தன என்பது மற்றொன்று. கடத்தல் கொடுமைதான், ஆயினும் கடத்தப்பட்டவர்களின் கணக்கு இரண்டு நாடுகளின் தேசபக்தர்களும் சொல்வதைவிடச் சிக்கலானது.

20ஆம் நூற்றாண்டில், கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடாக இருந்தபோது, இந்தப் பாண்டங்களை மறுபடி உலகுக்குக் காட்டியவர் ஜப்பானியக் கலைச் சிந்தனையாளர் யனாகி சோயெட்சு. 1914இல், கொரியாவில் வாழ்ந்த ஜப்பானியர் அசகாவா நோரிதாகா கொண்டுவந்து கொடுத்த ஒரு ஜோசன் சாடி அவருடைய கண்ணைத் திறந்தது. 1919இல் கொரிய விடுதலை முழக்கம் ஒடுக்கப்பட்டபோது ஜப்பானியப் பத்திரிகையில் கொரியர்களுக்கு ஆதரவாக எழுதினார். 1922இல் சியோலின் குவாங்வாமுன் வாயிலை இடிக்கும் திட்டத்தை எதிர்த்து எழுதினார். 1924இல் அசகாவா சகோதரர்களோடு சேர்ந்து சியோல் அரண்மனை வளாகத்திலேயே கொரிய மக்கள்கலை அருங்காட்சியகத்தைத் திறந்தார். வாயில் இடிபடாமல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. நோரிதாகாவின் தம்பி அசகாவா தகுமி, வனத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே கொரிய மொழி கற்று, கொரிய உடை உடுத்து, எளிய மக்களின் பாண்டங்களுக்கும் சாப்பாட்டு மேசைகளுக்கும் வழங்கும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவுசெய்தவர். 1931இல் 40 வயதில் இறந்த அவரைக் கொரியர்கள் தோள்மேல் சுமந்துபோய்ப் புதைத்தார்கள். கல்லறையை இன்றும் பேணுகிறார்கள்.

யனாகி அதே 1931இல் கிஸாயெமோன் கிண்ணத்தைப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளிலிருந்து அது வெளியே வந்தபோது, எவ்வளவு சாதாரணமானது என்று வியந்து, ஏழைக் குயவர் எந்த எண்ணமும் இன்றிச் செய்த அன்றாடச் சோற்றுக் கிண்ணம் என்பதால்தான் இது இத்தனை அழகு என்று எழுதினார். மக்கள்கலை பற்றிய அவருடைய கோட்பாடு முழுவதும் இந்தப் பெயரற்ற தன்மையின்மேல் நிற்கிறது. இடோ கிண்ணங்கள் சோற்றுக்காகச் செய்யப்பட்டவையா, சடங்குக்காகச் செய்யப்பட்டவையா என்பதில் பின்வந்த ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. கொரியக் கலை துயரத்தின் அழகு என்று அவர் சொன்னதையும் கொரிய விமரிசகர்கள் பலர் கடுமையாக மறுத்தார்கள். அடிமைப்பட்ட மக்களை அழுதுகொண்டே இருக்கும் மக்களாக அது சித்திரிக்கிறது என்பது அவர்களுடைய வாதம். யனாகியின் அன்பையும் துணிவையும் நான் ஐயப்படவில்லை. ஆனால் பெயரில்லாமை அழகின் காரணம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குயவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அவர் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நுகத்தடியின்கீழ் வேலை செய்தவரிடம் யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த விடுபடலை ஞானமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் பொருளை மட்டும் பாராமல் பெயர்களைக் கேட்டு எழுதிய தகுமியை யனாகியைவிட ஒரு படி மேலே வைக்கிறேன்.

பெயர்கள் காணாமல்போகாத ஓர் ஊரும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 1598இல் கொரியாவின் நம்வொன் பகுதியிலிருந்து, கியூஷூவின் தெற்கே சட்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் படைகள் பிடித்துவந்த குயவர்கள், அங்கே நயேஷிரோகவாவில் குடியமர்த்தப்பட்டார்கள். இன்று அந்த ஊர் மியாமா எனப்படுகிறது. இவர்கள் கொரியப் பெயரையும் மொழியையும் உடையையும் விடக் கூடாது என்று சட்சுமா அரசு கட்டளையிட்டது. வெளிநாட்டுக் கப்பல் கரையொதுங்கினால் மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பதும், வெளிநாட்டார் ஊர் ஒன்று தன் ஆளுகையில் இருப்பது சிற்றரசருக்குப் பெருமையாக இருந்தது என்பதும் காரணங்கள். ஊர் மேட்டில் தொன்மக் கதைகளில் கொரியரின் முதல் அரசனாகிய தாங்குனை வழிபடும் கோயில் இருந்தது. முதன்முதலாக அங்கே சுட்ட வெண்ணிறக் கிண்ணங்களுக்கு மண்ணும் பூச்சும் குயவரும் கொரியா, நெருப்பு மட்டும் ஜப்பான் என்று மரபாகச் சொல்வார்கள்.

சிற்றரசுகளை ஒழித்த மேஜி பேரரசரின் ஆட்சி வந்தபின் சட்சுமா அரசின் காப்பு போனது. கொரியப் பெயர் பெருமையிலிருந்து சுமையாக மாறியது. 1882இல் அந்த ஊரில் பாக் என்ற குடும்பப் பெயரோடு பிறந்த ஒரு சிறுவனின் தந்தை, 1886இல் பணம் கொடுத்து டோகோ என்ற சாமுராய்க் குடும்பப் பெயரைப் பெற்றார். அந்தச் சிறுவன்தான் டோகோ ஷிகெனோரி: 1941இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோதும் 1945இல் ஜப்பான் சரணடைந்தபோதும் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். போருக்குப்பின் தண்டனை பெற்று, சிறைவாசத்தின்போதே 1950இல் இறந்தார்.

அதே ஊரின் ஷிம் குயவர் குடும்பத்தார் பெயரை விடவில்லை. 12ஆம் தலைமுறையைச் சேர்ந்த ஷிம் சூ-க்வானின் பெரிய பூச்சாடிகள் 1873 வியன்னா கண்காட்சியில் பாராட்டுப் பெற்று, சட்சுமாப் பாண்டங்களுக்கு ஐரோப்பாவில் பெரும் சந்தையைத் திறந்தன. அவருக்குப்பின் வந்த தலைவர்கள் அனைவரும் அதே பெயரை ஏற்கிறார்கள். 14ஆம் ஷிம் சூ-க்வான், 1960களில் சியோலில் மாணவர்களிடையே பேசியபோது, ஜப்பான் ஆண்ட 36 ஆண்டுகளின் கொடுமையை நீங்கள் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் நான் என்னுடைய 370 ஆண்டுகளைச் சொல்லவேண்டியிருக்கும் என்ற பொருளில் சொன்னார். 1998இல், முன்னோர் கடத்தப்பட்டு 400 ஆண்டுகள் நிறைந்தபோது, நம்வொனிலிருந்து நெருப்பைக் கடல்வழியாகக் கொண்டுவந்து மியாமாவில் சூளை மூட்டச் செய்தார். இம்முறை மண்ணும் பூச்சும் ஜப்பான், நெருப்பு கொரியா. 2019இல் அவர் காலமானார். 15ஆம் ஷிம் சூ-க்வான் அதே ஊரில், அதே பெயரில் இப்போது சூளை நடத்துகிறார்.